ஆபிரகாமின் அடைக்கோழி

வேதப்புத்தகத்தை அதிகமாக வாசிப்பதால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று போதகர்கள் பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு வந்தது. அதை நான் எழுதி வைக்காவிட்டால் உங்கள் அம்மா சொல்கிற கதைதான் நிலைத்துவிடும். அவள் கதையில் நான் இன்னும் கொஞ்சம் பெரிய முட்டாளாக வருகிறேன். ஆகையால், பிள்ளைகளே, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். (ஓரிரண்டு இடத்தில் எனக்குச் சாதகமாகச் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேனா என் கையில்தானே இருக்கிறது.)

அப்போது லில்லி பிறக்கவில்லை, அம்மா வயிற்றில் இருந்தாள். நாங்கள் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து நிறுக்கிற வேலை. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். அதனால் எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு உலகத்தில் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அவர்கள் நம்பினார்கள். அவர்களைவிட நான் நம்பினேன்.

நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, எங்கள் முன்னோர் கடல் தாண்டி வந்தவர்கள் என்று சொல்லி, தோட்டத்து ஆட்களாகிய நாங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று ஆகிப்போயிற்று. பிரஜாவுரிமை வேண்டும் என்றால் மனுப் போட வேண்டும். நமக்கும் இந்த மண்ணுக்கும் என்ன தொடர்பு என்று காட்ட வேண்டும். காட்ட முடியாதவன் கதி என்ன என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். உங்கள் தாத்தா அதுவரை கடலையே பார்த்ததில்லை. அவருக்கு அட்டன் ஸ்டேஷனே வெளிநாடு.

நான் மனுப் போட்டேன். விசாரணைக்குக் கடிதமும் வந்தது. ஆனால் தாத்தா இந்த நாட்டில்தான் பிறந்தார் என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அது இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. மனு தள்ளுபடியானால், பிறக்கப் போகிற லில்லி எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்டால் எங்களால் பதில் சொல்ல முடியாது.

தாத்தாவிடம் கேட்டேன்.

"அப்பா, நீங்க எங்கப்பா பொறந்தீங்க?"

"லிந்துலைக்கு மேல ஒரு தோட்டத்துல. கோயில் இருக்கும். மெதடிஸ்தக் கோயில்."

"எந்த வருசம்?"

"அது எங்கம்மாளுக்குத்தான் தெரியும். அவ செத்துட்டா."

"ஒங்க அப்பா பேரு?"

"யாக்கோபு."

"அவரோட அப்பா பேரு?"

"அதக் கேட்டா அடி விழும்னு நான் கேக்கல."

தாத்தா சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, ஒரு மாமனோடு மஸ்கெலியாவுக்கு வந்தவர். பிறகு லிந்துலைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அந்தக் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகமும் அடக்கப் புத்தகமும் இருக்கும், அதில் எங்கள் வம்சமே இருக்கும் என்று நான் கிளம்பினேன். துணைக்கு உங்கள் அம்மாவின் அண்ணன், செல்லையா மாமா. எதற்கும் வருவார். சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்பார்.

கோயில் ஒரு மேட்டில் இருந்தது. போதகர் யாழ்ப்பாணத்தவர். கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, அதற்கு மேல் ஒரு சால்வையும் சுற்றி, குளிரில் மூக்கு மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார். பொறுமையாகப் பெட்டியைத் திறந்து புத்தகங்களை எடுத்துத் தந்தார்.

"தம்பி, உம்மட தகப்பன் பிறந்த காலத்துத் தாளெல்லாம் மழையில ஊறிப்போச்சு. கூரை ஒழுக்கு. நான் வாறதுக்கு முந்தியே போனது," என்றார்.

உண்மைதான். அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோசை அடுக்கு மாதிரி இருந்தன. பிரித்தால் தூளாகக் கொட்டியது.

"அவசரப்படாதையும். அந்தக் காலத்து ஆக்கள் ஆரும் உயிரோட இருக்கினமோ எண்டு முதல்ல விசாரியும். பக்கத்துத் தோட்டத்தில ஒரு அம்மா இருக்கிறா," என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். என் காதில் விழவில்லை. ஏனென்றால் அதற்கு முந்திய பக்கத்தை அப்போதுதான் திருப்பியிருந்தேன். மழை தொடாத பக்கம். ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக:

ஆபிரகாம். ஈசாக்கு. யாக்கோபு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யோசித்துப் பாருங்கள். என் தாத்தா யாக்கோபு. யாக்கோபின் மகன், அதாவது என் அப்பா, யோசேப்பு. யோசேப்பின் மகன் நான், மனாசே. வேதத்தில் உள்ளபடியே. அப்படியென்றால் யாக்கோபுக்குத் தகப்பன் ஈசாக்கு. ஈசாக்குக்குத் தகப்பன் ஆபிரகாம். மூன்று தலைமுறையும் ஒரே நாளில் கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். ஞாயிற்றுப் பள்ளியில் பரிசு வாங்கிய எவனுக்கும் இதில் சந்தேகம் வராது.

"மச்சான், இது வேதப்புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கே," என்றார் செல்லையா மாமா.

"அதான் மச்சான் நான் சொல்றேன்."

"இல்ல, ரொம்ப அப்படியே இருக்கே."

(அந்த மனிதர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவருடைய சந்தேகத்தை நான் பொருட்படுத்தவில்லை. இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.)

அடக்கப் புத்தகத்தில் ஆபிரகாமின் கல்லறை எங்கே என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தோம். சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் மரச்சிலுவை, அதுவும் மக்கிப்போனது. ஆபிரகாமுக்கு மட்டும் கல் சிலுவை. என் வம்சத்தின் மேல் எனக்கு மதிப்புக் கூடியது. வீட்டுக்கு வந்ததும் பெரிய காகிதத்தில் வம்ச மரம் ஒன்று வரைந்தேன். அடியில் ஆபிரகாம், உச்சியில் நான். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, விசாரணை அலுவலகமாகிய கந்தோருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். கொள்ளுத்தாத்தாவே இங்கே மண்ணுக்குள் இருக்கும்போது, கொள்ளுப்பேரன் பிறந்தது எங்கே என்று எவன் கேட்பான்? கல்லறையோடு குடும்பமாக ஒரு போட்டோவும் பிடித்துக் காட்டினால் வேலை முடிந்தது.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் நாள் போனோம். தாத்தா, அம்மா, நான், செல்லையா மாமா, அட்டனில் இருந்து கூட்டி வந்த போட்டோக்காரர். கல்லறையில் புல் செதுக்கி, சிலுவையின் பாசியைத் தேய்த்துக் கழுவி, ஓடைக்கரையில் பறித்த வெள்ளைப் பூக்களைப் பரப்பினோம். போட்டோக்காரர் மூன்று கால் பெட்டியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். நான் ஒரு கீர்த்தனை பாடினேன். போட்டோவில் உருக்கம் தெரிய வேண்டும் என்று தாத்தாவைச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

"கொஞ்சம் அழுவுங்கப்பா."

"தெரியாத ஆளுக்கு எப்படிடா அழுவுறது?"

"ஒங்க பாட்டனோட அப்பாப்பா."

கணக்கு எனக்கே குழம்பியது. ஆபிரகாம் அவருக்குப் பாட்டனா, பாட்டனின் தகப்பனா என்று விரல் விட்டு எண்ணினேன்.

"யாரா இருந்தாலும் தெரியாத ஆளுதானே," என்றார் தாத்தா.

"மாமா, ஒங்களுக்குக் கடைவாய்ப் பல்லு புடுங்குனாங்களே, அத நெனச்சிக்கிங்க," என்றார் செல்லையா மாமா.

துணிக்குள் இருந்து குரல் வந்தது. "அழுகை வந்ததும் சத்தமா அழுவுங்க. சத்தம் கேட்டதும் நான் அமுக்கிடுறேன்."

தாத்தா பல்லை நினைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"யாருடா அது, எங்கப்பா மேல ஏறி நின்னு பாட்டுப் பாடுறது?"

ஒரு அம்மா நின்றார். ஒடிசலான உடம்பு, நல்ல உயரம், கையில் சுண்ணாம்பு மட்டை. பின்னால் அவருடைய மகன் சுண்ணாம்பு வாளியோடு நின்றார். பண்டிகைக்கு முதல் நாள் எல்லாரும் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடிக்க வருவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். ஆனால் கொள்ளுத்தாத்தா கிடைத்த சந்தோஷத்தில் மனிதனுக்கு இதெல்லாம் நினைவுக்கு வருமா?

"அம்மா, இது எங்க குடும்பக் கல்லறை," என்றேன் பணிவாக.

"ஒங்க குடும்பமா? எது ஒங்க குடும்பம்?"

சட்டைப் பையில் வைத்திருந்த வம்ச மரத்தின் பிரதியை விரித்து, எட்டாம் வகுப்புக் குரலில் வாசித்தேன். "ஆபிரகாம் மகன் ஈசாக்கு. ஈசாக்கு மகன் யாக்கோபு. யாக்கோபு மகன்..."

"நிப்பாட்டு. எந்த ஈசாக்கு? பக்கத்துக் காம்பரா ஈசாக்கா? அவன் எங்கப்பாவுக்குப் பொறந்தான்னா சொல்ற?"

"ஆமாங்கம்மா."

"எங்கம்மா உசுரோட இருந்திருந்தா இந்த வார்த்தைக்கு ஒன்னைய வெளக்கமாத்தால வாங்கியிருப்பா. அடேய், ஈசாக்கு எங்கப்பாவ விட மூத்தவன்டா. அவனுக்கு எப்படிடா எங்கப்பா அப்பனாவாரு?"

செல்லையா மாமா மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "நான் அப்பவே சொன்னேன்," என்றார். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே இருக்கே என்றுதான் சொன்னார்.

எஸ்தர் அம்மா என்பது அவர் பெயர். அவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பாதிரியார் அவர்கள் லயம் முழுவதற்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்தார். எல்லாருக்கும் புதுப் பெயர் வைக்க வேண்டும். வேதப்புத்தகத்தை முதலில் இருந்து பிடித்துக்கொண்டு, காம்பரா காம்பராவாக, ஒவ்வொரு குடும்பத்து அறையாக, இறங்கிவிட்டார்.

"மொதல் காம்பரா எங்கப்பா, ஆபிரகாம். ரெண்டாவது காம்பரா ஈசாக்கு. மூணாவது காம்பரா யாக்கோபு. அதுக்கு அடுத்தவன் மோசே. கடைசிக் காம்பரா சாலமோன். வேதத்துச் சாலமோனுக்கு ஆயிரம் பொண்டாட்டி, இவனுக்கு ஒண்ணு கூடக் கெடைக்கல."

நான் எங்கள் வம்சம் என்று வரைந்தது ஒரு லயத்தின் வரிசை. என்னுடைய மூதாதையர் ஒருவருக்கொருவர் பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்த மரம் சிவப்பு அடிக்கோட்டோடு அரசாங்கக் கந்தோரில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் தாத்தா வாயைத் திறந்தார்.

"மூணாவது காம்பரா யாக்கோபு எங்கப்பாதான்."

எஸ்தர் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"யாக்கோபு மகனா நீ? யோசேப்பா?" என்று கிட்ட வந்தார். சொந்தம் கொண்டாடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் தாத்தாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "எங்க கோழி எங்கடா?"

"எந்தக் கோழி?"

"அடைக்கோழி. முட்டைக்கி மேல ஒக்காந்திருந்த கோழி. நீ பொறந்த அன்னிக்கி ஒங்கப்பன் எங்க கூடைக்குள்ள கைய விட்டுத் தூக்கிட்டுப் போயி, பிள்ள பெத்தவளுக்குச் சாறு வைக்கணும்னு அறுத்துப்புட்டான். முட்டையெல்லாம் கூமுட்டையாப் போச்சு. அது நான் வளத்த கோழிடா. எங்கப்பாவும் ஒங்கப்பனும் அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் பேசல. கோயில்ல இராப்போசனத்துக்குக்கூட இவரு இந்த மூலை, அவரு அந்த மூலை."

"எங்கப்பா திருடல. கைமாத்தா வாங்கியிருப்பாரு," என்றார் தாத்தா. சபைக்கு மூப்பராக இருந்தவர் அல்லவா.

"கைமாத்தா வாங்குன கோழிய யாராச்சும் கொழம்பு வைப்பாங்களா?" என்று மட்டையை ஓங்கினார். தாத்தா "ஐயோ" என்று கத்தினார். துணிக்குள் இருந்த போட்டோக்காரர், கேட்ட சத்தத்தை அழுகை என்று எடுத்துக்கொண்டு, பொறுப்பாக அமுக்கினார். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற படம் அதுதான். தாத்தாவின் தலைக்கு மேல் இருப்பது பரிசுத்த ஆவியின் புறா அல்ல, சுண்ணாம்பு மட்டை. இனிமேல் யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள்.

சத்தம் கேட்டுப் போதகர் சால்வையோடு ஓடி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு எஸ்தர் அம்மாவிடம், "அம்மா, கோழி களவு போனது எந்த இடத்தில?" என்றார்.

"எங்க லயத்துல. வேற எங்க?"

"எப்ப?"

"இவன் பொறந்த அன்னிக்கி. பொழுது விடியுறப்ப பிள்ள அழுதிச்சு, மத்தியானம் கோழியக் காணல."

போதகர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் விசாரியும் எண்டு சொன்னது இவவைத்தான். நீர் காது குடுக்கேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாத்தா இந்த நாட்டில் பிறந்ததைக் கண்ணால் கண்டவர் இந்த உலகத்தில் இவர் ஒருவர்தான் மிச்சம். நான் அவர் காலில் விழாத குறை. எஸ்தர் அம்மா யோசித்தார். சாட்சி சொல்ல வருகிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. கோழியைத் தன் அப்பன்தான் திருடினான் என்று யோசேப்பு தன் வாயால், அந்தத் துரைமார் முன்னால் சொல்ல வேண்டும்.

"மாட்டேன்," என்றார் தாத்தா. பஸ்ஸிலும் மாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்தும் மாட்டேன் என்றார். விசாரணை நெருங்கியது. "கப்பல்ல ஏத்துனா ஏத்தட்டும். செத்த மனுசன் மேல திருட்டுப் பட்டம் கட்ட மாட்டேன்." நான் வேத வசனம் சொல்லிப் பார்த்தேன். அவர் எனக்குப் பதில் வசனம் சொன்னார்.

கடைசியில் உங்கள் அம்மாதான் நிறைமாத வயிற்றோடு அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்கும் பிள்ளப்பேறு வருது. அன்னிக்கி ஒங்கம்மா கெடந்த மாதிரி நான் ஒடம்பு முடியாமக் கெடந்தா, ஒங்க மகன் எனக்கு ஒரு கோழி புடிச்சிட்டு வருவாரா?"

தாத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவனா? கோழி இவனத் தொரத்தும்."

"அப்போ ஒங்கப்பா எம்மாம் நல்ல மனுசன், பாத்தீங்களா."

தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "அந்தக் கெழவியக் கூட்டிட்டு வரச் சொல்லு," என்றார்.

விசாரணை அட்டனில் நடந்தது. விசாரணை செய்த ஐயா சிங்களவர். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஐயா முதலில் எடுத்தது என்னுடைய வம்ச மரத்தைத்தான். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். என்னமோ சொன்னார்.

"ஒங்க குடும்பத்துல நோவா யாராச்சும் இருக்காங்களான்னு ஐயா கேக்குறாரு," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"இல்லைங்க," என்றேன். அந்தச் சமயத்தில் ஒரு பேழை கிடைத்திருந்தால் ஏறியிருப்பேன்.

எஸ்தர் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் சத்தியம் செய்துவிட்டு, பிள்ளை அழுததில் தொடங்கி, கோழியின் நிறம், கழுத்தில் இருந்த புள்ளி, கூடை இருந்த இடம், சாறு கொதித்த வாசனை வரைக்கும் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் பாதியில் திணறிப்போனார். இதெல்லாம் எப்படி இவ்வளவு நினைவு என்று ஐயா கேட்டார்.

"என்னோட கோழிங்க. சாமி மன்னிச்சாலும் நான் மன்னிக்கல. மறந்தாத்தானே மன்னிக்கிறதுக்கு."

ஐயா தாத்தாவைப் பார்த்தார். "இது உண்மையா?"

தாத்தா எழுந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"உண்மைங்க. எங்கப்பாதான் திருடுனாரு. நான் பொறந்ததுதான் காரணம். என்னையும் சேத்து எழுதிக்குங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னதும், அதுவரை ஒரு தடவைகூடச் சிரிக்காத அந்த ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு திரும்பி, எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் எஸ்தர் அம்மா தாத்தாவின் தோளில் தட்டி, "ஒங்கப்பன் திருடுனாலும் நல்லாத்தான்டா திருடுனான், நீ தெம்பா வளந்திருக்க," என்றார். அவர்கள் இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றார்கள். வடைக்குக் காசு கொடுத்தது ஆபிரகாம் வம்சத்தின் கடைசி வாரிசாகிய நான்.

பிரஜாவுரிமைக் காகிதம் வந்தபோது லில்லி நடக்கத் தொடங்கியிருந்தாள். அந்த வாரமே தாத்தா ஒரு நல்ல அடைக்கோழியை, முட்டைகளோடு கூடையில் வைத்து, மடியில் தாங்கிக்கொண்டு பஸ்ஸில் லிந்துலைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் லயத்தில் எங்களுக்கு முன்னால் மனுப் போட்ட எத்தனையோ பேருக்கு இன்னும் பதிலே இல்லை. அவர்களுடைய தாத்தாமார், பாவம், ஒழுங்கான மனிதர்கள். யாருடைய கோழியையும் தொடவில்லை. அதனால் அவர்கள் பிறந்ததை நினைவு வைத்திருக்க ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து நம் வீட்டில் கோழிக்கறிக்குப் பிரஜாவுரிமை என்று பெயர் வந்துவிட்டது. இதை வெளியாட்கள் முன்னால் சொல்லக் கூடாது என்று எத்தனை தடவை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்? போன கிறிஸ்மசுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, சின்னவன் அடுப்படியைப் பார்த்து, "அம்மா, வாத்தியாருக்கு இன்னும் பிரஜாவுரிமை கெடைக்கல," என்று கத்தினான். நான் தலையைத் தொங்கப்போட்டேன். வாத்தியாருடைய மனு அதற்கு முந்தின மாதம்தான் இரண்டாம் தடவையாகத் திரும்பி வந்திருந்தது.

அம்மா சட்டியோடு வந்து நின்றாள். என்ன செய்வது என்று தெரியாமல் விஷயத்தைச் சொன்னாள். வாத்தியார் கேட்டுவிட்டுச் சோற்றில் ஒரு குழி பறித்து, தட்டை நீட்டினார்.

"அப்ப நெறைய போடுங்கம்மா. வருசக்கணக்கா கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றார்.